சோம்பு விளைந்த போர்க்களம்

நாள் 4 – ஏதென்ஸ், இரவு

வாளியில் உப்பு போட்ட வெந்நீர், வெந்நீரில் கால், மடியில் போன். இன்றைக்கு நம்மால் இவ்வளவுதான். பகல் முழுக்க அகோரா என்ற பழைய சந்தைத்திடல் இடிபாடுகளில் வெயிலோடு வெயிலாகச் சுற்றியதை எழுதத் தெம்பில்லை. அது பிறகு.

நாளைக்கு மாரத்தான் போகிறோம், ஏதென்ஸ்காரர்கள் பாரசீகப் படையைத் தோற்கடித்த ஊர். ஏதென்ஸிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பேருந்து இருக்கிறது. ஆனால் வீரர்களைப் புதைத்த மேடு ஓரிடத்தில், அருங்காட்சியகம் இன்னோரிடத்தில், வெற்றித்தூண் வேறொரு மூலையில் என்று சமவெளி முழுக்கச் சிதறிக் கிடக்கிறதாம். இறங்கி இறங்கி நடக்க என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அதனால் தனிக் கார். முதலில் பேசி வைத்த வண்டிக்காரர் இன்று மத்தியானம் ‘வர இயலாது, மன்னிக்கவும்’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் காணாமல் போய்விட்டார். கொடுத்த முன்பணம் கிரேக்கக் கடவுள்களுக்குக் காணிக்கை என்று நினைத்துக்கொண்டேன். விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மாமாவுக்கே போன் போட்டாள். காலை எட்டரைக்கு வருகிறார்.

கூட வருவது தம்பி. வயது ஐம்பத்திரண்டு, சென்னையில் நான்கு முழு மாரத்தான் ஓடியவன். ஊரிலிருந்து கிளம்பும்போதே பெட்டியில் முதலில் வைத்தது ஓட்ட ஷூவைத்தான். “அக்கா, அந்த மேட்டைச் சுத்தி ஒரே ஒரு ரவுண்டு. அவ்வளவுதான் எனக்கு வேணும்” என்கிறான்.

என் கணக்கு வேறு. இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் பிள்ளைகள் தூங்காமலிருக்கக் கைவசம் வைத்திருந்த கதைகளில் மாரத்தான் கதையும் ஒன்று. போர்க்களத்திலிருந்து ஒரு வீரன் ஏதென்ஸ் வரை நிற்காமல் ஓடினான், ‘வென்றோம்’ என்று சொல்லிவிட்டு அங்கேயே விழுந்து உயிரை விட்டான். கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். ஓய்வு பெற்ற பிறகுதான் ஹெரோடோட்டஸை முழுதாகப் படித்தேன். போர் நடந்து அறுபது எழுபது ஆண்டுகளுக்குள் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் அவர். அவர் புத்தகத்தில் அந்த ஓட்டமே இல்லை. இருபத்தேழு வருடம்! எத்தனை செட் பிள்ளைகள்!

வெந்நீர் ஆறிவிட்டது. மீதி நாளைக்கு.

நாள் 5 – மாரத்தான்

எட்டரை என்றால் எட்டு இருபத்தைந்துக்கே மாமா வாசலில் நின்றார். அறுபதைத் தாண்டியவர், வெள்ளை மீசை, கையில் ஒரு மணிச்சரம். ஜபமாலையோ என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை, சும்மா உருட்டுவதற்குத்தான். இங்கே வயசாளிகள் பலர் கையிலும் பார்க்கிறேன். தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசுகிறார், ஆனால் சொல்ல வந்ததை விடாமல் சொல்லிவிடுகிறார்.

நாங்கள் போன சாலைதான் ஓட்டப்பந்தயத்தின் தடமும். நவம்பரில் மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடி வருவார்கள், நாங்கள் எதிர்த்திசையில் போகிறோம். தார்ச்சாலையில் ஒரு நீலக்கோடு கூடவே வருகிறது. ஓடுபவர்களுக்குத் தடம் காட்டுகிற கோடு அது. தம்பி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அந்தக் கோட்டையும் மேடுபள்ளத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தான். “பத்தாவது கிலோமீட்டர்ல ஏற்றம் ஆரம்பிச்சா முப்பத்தொண்ணு வரைக்கும் விடாதாம்க்கா. மனுஷன் நொறுங்கிப்போயிருப்பான்.” எங்கள் கார் அந்த ஏற்றத்தைச் சொகுசாக இறங்கிக்கொண்டிருந்தது.

ரஃபீனா துறைமுகத்தின் கிளைச்சாலை தாண்டியதும் மாமா பேச்சை நிறுத்திவிட்டார். வலப்பக்கம் கடற்கரைக் குடியிருப்பு, மாட்டி என்று பெயர்ப்பலகை. “2018, ஜூலை” என்றார். அவ்வளவுதான். காட்டுத்தீயில் நூறு பேருக்கு மேல் இறந்துபோன இடம் என்று படித்திருக்கிறேன். கடலுக்கும் நெருப்புக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவர்கள். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. மணிச்சரம் மட்டும் கியர் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்தது நியா மாக்ரி. அங்கே அவருக்கு மறுபடி பேச்சு வந்துவிட்டது. அவருடைய பாட்டி கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய துருக்கியில் இருக்கும் மாக்ரி ஊர்க்காரி. 1922க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் இங்கே குடியேறி, விட்டு வந்த ஊரின் பெயருக்கு முன்னால் ‘புதிய’ என்று சேர்த்து வைத்துக்கொண்டார்கள்.

மேட்டுக்குப் போகும் கிளைச்சாலையில் திரும்பும்போது திடீரென்று பிரேக் போட்டு இறங்கினார். வேலியோரத்தில் ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற செடி ஒன்றின் தலையைக் கிள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, என் மூக்கருகில் நீட்டினார். சோம்பு! எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டி வாசனை அப்படியே வந்தது. “மாராதோ” என்றார். கிரேக்கத்தில் சோம்புக்கு அதுதான் பெயர். மாரத்தான் என்றால் சோம்பு மண்டிய இடம். உலகம் முழுக்கப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிற சொல்லுக்குப் பொருள் சோம்புக்காடு! தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நான் ஒரு பிடி உதிர்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

மேடு. கிரேக்கர்கள் தும்வோஸ் என்கிறார்கள். ஆலிவ் மரங்களும் புல்லும் சூழ்ந்த ஒரு சின்னப் பூங்காவின் நடுவில், ஒன்பது மீட்டர் உயரத்தில், களத்துமேட்டில் குவித்த அம்பாரம்போல இருக்கிறது. கட்டடம் எதுவும் இல்லை, வெறும் மண். இப்போது மேலே ஏற விடுவதில்லை, சுற்றி வரலாம். காலையில் எங்களைத் தவிர ஒரு ஜெர்மன் தம்பதிதான் இருந்தார்கள்.

இதற்குள் 192 பேர். கி.மு. 490இல் செத்த ஏதென்ஸ்காரர்கள். ஹெரோடோட்டஸ் கொடுக்கும் எண்ணிக்கை அது. எதிர்ப்பக்கம் பாரசீகர் 6400 என்கிறார். இரண்டாவது எண்ணை எப்படி எண்ணினார்கள் என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. முதலாவதை நம்பலாம், ஏனென்றால் செத்தவர்கள் பெயரைக் குலவாரியாகக் கல்லில் வெட்டி இங்கே நட்டிருந்தார்கள். ஏதென்ஸ் வழக்கப்படி போரில் இறந்தவர்களை நகரத்துக்குக் கொண்டுபோய்த்தான் அடக்கம் செய்வார்கள். மாரத்தானில் செத்தவர்களை மட்டும் அவர்கள் வீரத்துக்காக விழுந்த இடத்திலேயே புதைத்தார்கள் என்று துசிடிடீஸ் என்ற இன்னொரு பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். நடுகல் மரபு தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டிராய் நகரத்தைத் தோண்டிய ஷ்லீமான் 1884இல் இங்கேயும் வந்து குடைந்து பார்த்தார். கொஞ்சம் பழைய ஓடுகளைக் கண்டுவிட்டு, இது அந்தக் கல்லறையே இல்லை, இன்னும் பழையது என்று போய்விட்டார். அவசரக்காரர். 1890இல் ஸ்டாயிஸ் என்ற கிரேக்க ஆய்வாளர் இன்னும் ஆழமாகத் தோண்டியபோதுதான் சாம்பல் படுகையும் எரிந்த எலும்புகளும் கருப்பு உருவம் தீட்டிய எண்ணெய்க் குப்பிகளும் கிடைத்தன. அடியில் வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த மண் பல அடி ஏறியிருந்தது. ஷ்லீமானுக்குப் பொறுமை போதாமல் நின்ற இடத்துக்குக் கீழேதான் விஷயம் இருந்திருக்கிறது.

தம்பி ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு ஓடக் கிளம்பினான். நான் ஆலிவ் நிழலில் உட்கார்ந்து போரை மனசுக்குள் ஓட்டினேன். வகுப்பில் சொல்லாமல் விட்ட பகுதிகள்.

பாரசீகக் கப்பல்கள் 600 என்கிறது கணக்கு. தளபதிகள் டாட்டிஸும் அர்தாஃபெர்னீஸும். அவர்களுக்கு வழிகாட்டி வந்தவன் ஹிப்பியாஸ், ஏதென்ஸிலிருந்து விரட்டப்பட்ட பழைய கொடுங்கோலன். அவன் அப்பனும் முன்பு ஒருமுறை இதே மாரத்தானில் இறங்கித்தான் ஆட்சியைப் பிடித்தான். மகன் அதே வழியில் வந்தான், ஆனால் கிழவனாகிவிட்டான். கரையில் இறங்கியதும் ஒரு தும்மலும் இருமலும். ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று தெறித்து மணலில் விழுந்ததாம். தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. “இந்த மண்ணில் எனக்குரிய பங்கை என் பல் எடுத்துக்கொண்டது” என்று புலம்பினானாம். இதை வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் இன்னும் நன்றாகக் கேட்டிருக்கும்.

ஏதென்ஸ் பக்கம் தளபதிகள் பத்துப் பேர். சண்டை போடலாம் என்று ஐந்து பேர், வேண்டாம் என்று ஐந்து பேர். பதினோராவது வாக்கு கல்லிமாக்கஸ் என்ற போர்த்தலைவரிடம். சண்டை வேண்டும் என்ற தளபதி மில்டியாடீஸ் அவரிடம் போய்ப் பேசி மனத்தை மாற்றினார். உதவிக்கு வந்தது பிளட்டேயா என்ற சின்ன ஊர் மட்டும். ஸ்பார்ட்டா ‘பௌர்ணமி கழியட்டும், விரதம் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டது. நல்ல நாள் பார்ப்பது நம்மோடு முடிந்துவிடவில்லை. பௌர்ணமி கழிந்து இரண்டாயிரம் பேர் விழுந்தடித்து வந்தார்கள், எல்லாம் முடிந்திருந்தது. வந்ததற்குப் பாரசீகப் பிணங்களைப் பார்த்துவிட்டு, ஏதென்ஸ்காரர்களைப் பாராட்டிவிட்டு, ஊர் திரும்பினார்கள்.

நடுப்படையை மெலிதாக்கி, இரு பக்கமும் கனமாக நிறுத்தி, எட்டு ஸ்டேடியம் தூரம், அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர், ஓடிப்போய் மோதினார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். நடு உடைந்தது. பக்கங்கள் இரண்டும் ஜெயித்துத் திரும்பி நடுவை நெருக்கின.

ஒரு ரவுண்டு என்றவன் ஐந்து ரவுண்டு முடித்து வந்து விழுந்தான். ஒன்றரைக் கிலோமீட்டரைப் பற்றிச் சொன்னேன். “சும்மா ஓடினா ஒண்ணுமில்லக்கா. கவசம், கேடயம் எல்லாம் எத்தன கிலோ?” கேடயம் மட்டுமே ஏழெட்டு கிலோ இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “அப்ப ஓடியிருக்க மாட்டாங்க. வேகமா நடந்து, அம்பு விழுற தூரம் வந்ததும் ஓடியிருப்பாங்க.” ஆய்வாளர்களில் பல பேர் சொல்வதும் இதையேதான். படிக்காமலே கால் சொல்லிவிட்டது.

எனக்கு அங்கே உட்கார்ந்தபோது அடிக்கடி நினைவு வந்தவன் எபிசேலஸ். உடம்பில் ஒரு காயமும் இல்லாமல் சண்டையின் நடுவில் பார்வை போனவன். தாடி கேடயத்தையே மூடும் அளவுக்குப் பிரம்மாண்டமான ஒரு வீரன் எதிரே வந்து, தன்னைத் தாண்டிப்போய்ப் பக்கத்தில் நின்றவனைக் கொன்றான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தானாம். பார்வை திரும்பவே இல்லை. இந்த மேட்டுக்குள் அவன் இல்லை, 192இல் அவன் சேர்த்தி இல்லை. வீட்டுக்குப் போன ஆள்.

அங்கிருந்து வ்ரானா. மலையடிவாரத்தில் அருங்காட்சியகம். 1975இல் ஒரு செல்வந்தர் கட்டிக்கொடுத்தது, ஐந்தாறு அறைதான். அரை மணியில் பார்த்துவிடலாம் என்று மாமா சொன்னார். நான் ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

வெற்றித்தூணின் தலைப்பகுதி இங்கேதான் இருக்கிறது. வெள்ளைப் பளிங்கில் இருபுறமும் சுருள். போர் முடிந்து ஒரு தலைமுறை கழித்து, பாரசீகர்கள் அதிகமாகச் செத்த இடத்தில் பத்து மீட்டர் உயரத் தூணாக நிறுத்தியது. பிற்காலத்தில் யாரோ அதை உடைத்துக் காவல்கோபுரம் கட்டக் கல்லாகப் பயன்படுத்திவிட்டார்கள். நம் ஊரில் கல்வெட்டுப் பலகையைக் குளத்துப் படிக்கட்டாகப் போட்டதைப் பார்த்த கண்ணுக்கு அதிர்ச்சி எதுவுமில்லை.

அடுத்த அறையில் எகிப்தியச் சிலைகள்! நீளத் தலைத்துணியோடு விறைப்பாக நிற்கும் ஆண்கள், ஐசிஸ் தேவி, தூக்க முடியாத அளவு பெரிய பெரிய மண் விளக்குகள். போருக்கு அறுநூற்றைம்பது வருடம் கழித்து, ரோமானியர் காலத்தில், ஹெரோடீஸ் அட்டிகஸ் என்ற பெரும்பணக்காரர் கடற்கரைச் சதுப்பில் கட்டிய எகிப்தியக் கோயிலின் மிச்சம். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்து அரங்கம் இவர் கட்டியதுதான். மாரத்தான் சொந்த ஊர். இந்த ஆள்மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. செத்தவர்களின் பெயர் வெட்டிய கல் ஒன்று சில காலம் முன்பு கிடைத்தது. எங்கே? இங்கே இல்லை. கடல் தாண்டித் தெற்கே பெலொப்பொனீஸ் தீபகற்பத்தில், இவருடைய மாளிகை இடிபாட்டில். ஏதென்ஸின் பத்துக் குலங்களில் ஒன்றான எரெக்தெயிஸ் குலத்தாரின் பெயர்ப் பட்டியல். தன் ஊர்ப் பெருமையைத் தோட்டத்தில் வைத்து அழகு பார்க்க இவர்தான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்கிறார்கள். அப்பன் பெயர்கூட இல்லாமல், வெறும் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன மேடு. 1970இல் மரினாட்டோஸ் என்ற ஆய்வாளர் தோண்டியது. பிளட்டேயாக்காரர்களின் கல்லறை என்றார் அவர். பதினொரு உடல்கள். எல்லாம் இளவயது ஆண்கள், ஒருவர் மட்டும் நாற்பதையொட்டி, அவர் தலைமாட்டுக் கல்லில் அர்கியாஸ் என்ற பெயர். கூடவே பத்து வயதுப் பையன் ஒருவன். அந்தப் பையனால்தான் பலருக்குச் சந்தேகம், போர்க்களத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை என்று. பிளட்டேயாக்காரர்களோடு அடிமைகளையும் புதைத்தார்கள், அடிமைகள் முதன்முதலாகப் போரிட்டது அங்கேதான் என்று பௌசானியாஸ் என்ற பழைய பயணி எழுதியிருக்கிறார். அவர் கண்ட மேடு இதுதானா என்பது வேறு விஷயம். காலையில் பார்த்த ஜெர்மன் தம்பதி இந்த மேட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 192 பேருக்குத் தும்வோஸ், அடிமைகளுக்கு எண்ணிக்கைகூட இல்லை.

சாப்பாடு ஸ்கினியாஸ் கடற்கரையில். நாங்கள் சைவம் என்றதும் கடைக்கார அம்மாளுக்கு எங்கள்மேல் பரிதாபம் வந்துவிட்டது. வேகவைத்த கீரையில் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும். ஃபாவா என்று ஒன்று, அசல் பருப்புக் கடைசல், தாளிக்காமல் வெங்காயம் தூவியது. கைவிரல் பெருசு மொச்சை தக்காளிக் குழம்பில். பரிதாபப்பட வேண்டியதேயில்லை, ஒரு கட்டு கட்டினோம். தம்பி மட்டும் “ஒரு பச்சமிளகா இருந்தா…” என்று முனகினான்.

அந்தக் கடற்கரையில்தான் பாரசீகக் கப்பல்கள் நின்றன. மணலுக்குப் பின்னால் பைன் காடு, அதற்குப் பின்னால் சதுப்பு. ஓடியவர்கள் அந்தச் சேற்றில்தான் மாட்டிக்கொண்டார்கள். அதே சதுப்பின் ஒரு பகுதியில் 2004 ஒலிம்பிக்குக்குப் படகுப்போட்டித் தளம் கட்டியிருக்கிறார்கள், நேர்கோடாக நீலத் தண்ணீர். கரையில் கப்பலின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்த ஒருவனின் கையைக் கோடரியால் வெட்டினார்கள். அவன் பெயர் கினிகெய்ரஸ், நாடகாசிரியர் எஸ்கிலஸின் அண்ணனோ தம்பியோ. எஸ்கிலஸும் அன்று களத்தில் இருந்தார். பின்னாளில் அவர் கல்லறை வாசகத்தில் நாடகம் என்ற பேச்சே இல்லை. மாரத்தான் தோப்புக்கும் நீள்முடி பாரசீகனுக்கும் தன் வீரம் தெரியும் என்பது மட்டும்தான்.

வெற்றித்தூண் இருந்த இடத்தில் 2004இல் அதன் நகலை நிறுத்தியிருக்கிறார்கள். பார்த்தோம். தூண், வெயில், ஒரு நாய். அவ்வளவுதான்.

பிறகு தம்பியின் முறை. மாரத்தான் ஊரில் ஓட்டப்பந்தய அருங்காட்சியகம். ஷூக்கள், பதக்கங்கள், பழைய புகைப்படங்கள். 1896 ஒலிம்பிக்கில் ஜெயித்த ஸ்பிரிடோன் லூயிஸ் முன்னால் தம்பி நெடுநேரம் நின்றான். மரூசி ஊரில் தண்ணீர் சுமந்து விற்ற ஆள், 2 மணி 58 நிமிடம் 50 வினாடி. “என் நேரம் நாலு மணி பத்து நிமிஷம்க்கா. அவன் அன்னைக்கு என்ன ஷூ போட்டிருப்பான்?” அப்போது தூரம் நாற்பது கிலோமீட்டர்தான் என்று சொல்லி ஆறுதல் படுத்தினேன். 42.195 என்ற கணக்கு 1908இல் லண்டனில் வந்தது, வின்சர் மாளிகையில் தொடங்கி அரச குடும்பத்தார் உட்காரும் இடத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதற்காக. 1921இல் அதையே நிலையாக்கிவிட்டார்கள்.

நான் வகுப்பில் சொன்ன கதையும் அங்கே படமாக மாட்டியிருந்தது. அதன் ரிஷிமூலம் இதுதான்: செய்தியோடு ஓடிச் செத்தவன் கதை புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளரிடம் வருகிறது, போருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தியவர். அவர் சொல்லும் பெயர்களும் வேறு. அவருக்கும் பிந்திய லூசியன் என்ற எழுத்தாளர்தான் ஓடியவன் பெயர் பிலிப்பிடீஸ் என்கிறார். 1879இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் அதைக் கவிதையாக்க, பிரான்சின் மிஷல் பிரெயால் ஒலிம்பிக்கில் ஓட்டமாக்க, நான் மதிய பீரியடில் பாடமாக்கினேன்.

ஹெரோடோட்டஸில் பிலிப்பிடீஸ் ஓடுகிறான், ஆனால் வேறு பக்கம். போருக்கு முன்னால், ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு, உதவி கேட்டு. இருநூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டான், சாகவும் இல்லை. இதைச் சொன்னதும் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். “அப்ப நாங்க எல்லாம் தப்பான ரோட்டுலயா ஓடுறோம்?”

“அந்த ரோட்டுல ஓடினவங்க இருக்காங்கடா. ஒருத்தன் இல்ல, பல ஆயிரம் பேர்” என்றேன். மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்று நிறுத்திக்கொண்டேன். கதையை எங்கே நிறுத்துவது என்று வாத்தியார்களுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் மாரத்தான் அணை. 1929இல் கட்டி முடித்தது. முகப்பு முழுக்கப் பென்டெலி மலைப் பளிங்கு, அக்ரோபோலிஸுக்குக் கல் எடுத்த அதே மலை. அணைச்சுவருக்குப் பளிங்கு! அகதிகளால் நிரம்பிய நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கக் கட்டியது. “எங்க பாட்டி குடிச்ச தண்ணி” என்று மாமா ஹாரன் அடித்தார்.

விடுதி வாசலில் பேசிய தொகைக்கு மேல் வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தேன். அதை மட்டும் மறுக்கவில்லை.

நாள் 6 – ஏதென்ஸ்

காலையில் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம். எல்லாரும் மேல்தளத்துக்கு ஓடுகிறார்கள். நான் கல்லிமாக்கஸின் நைக்கியை, அதாவது வெற்றித் தெய்வத்தின் சிலையைத் தேடினேன். வாக்குப் போட்ட அதே கல்லிமாக்கஸ். கப்பல்களண்டை நடந்த சண்டையில் செத்துப்போனார். அவர் நேர்ந்துகொண்ட காணிக்கையாக இந்த இறக்கை முளைத்த தெய்வத்தை அக்ரோபோலிஸில் தூண்மேல் நிறுத்தினார்கள். பத்தே வருடம். 480இல் பாரசீகர்கள் மறுபடி வந்து நகரத்தையே கொளுத்தியபோது இதையும் நொறுக்கினார்கள். இப்போது துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள், முகம் இல்லை.

நேர்த்திக்கடன் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. கொல்லும் எதிரிக்கு ஒரு ஆடு வீதம் ஆர்டெமிஸ் தேவிக்குப் பலியிடுவதாக ஏதென்ஸ்காரர்கள் வேண்டிக்கொண்டார்களாம். போர் முடிந்தபின் அத்தனை ஆட்டுக்கு எங்கே போவது? வருடத்துக்கு ஐந்நூறு என்று தவணை கட்டினார்கள். நூறு வருடம் போலக் கழித்து செனஃபோன் என்ற வரலாற்றாசிரியர் எழுதும்போதும் தவணை ஓடிக்கொண்டிருந்தது.

மில்டியாடீஸ் கதையும் நல்லபடியாக முடியவில்லை. அடுத்த வருடமே பாரோஸ் தீவில் தோற்று, தொடையில் காயம்பட்டு வந்தார். ஐம்பது தாலந்து என்ற பெருந்தொகை அபராதம். கட்டுவதற்குள் காயம் அழுகிச் செத்தார், மகன் கட்டினான். ஒலிம்பியாவில் அவர் ஜீயஸுக்குக் கொடுத்த தலைக்கவசம் பெயரோடு இருக்கிறது. இந்தத் தடவை அங்கே போக முடியாது.

மத்தியானம் தம்பியைக் கினோசார்கெஸ் பகுதிக்கு நடத்திக் கூட்டிப்போனேன். அருங்காட்சியகத்திலிருந்து தெற்கே, பெரிய சாலை தாண்டி. போகிற வழியிலேயே நேற்று நிறுத்திய மீதியைச் சொன்னேன்.

தோற்ற பாரசீகர்கள் ஊருக்குப் போகவில்லை. கப்பலை எடுத்துக்கொண்டு சூனியன் முனையைச் சுற்றி ஏதென்ஸுக்கே வரக் கிளம்பினார்கள். நகரத்தில் காவலுக்குப் படை இல்லை. யாரோ கேடயத்தைக் காட்டிச் சைகை செய்தார்கள் என்றுகூடப் பேச்சு இருந்தது. களத்தில் நின்றவர்களுக்கு இது தெரிந்தது. பிணங்களையும் கொள்ளைப் பொருளையும் காக்க அரிஸ்டைடீஸ் என்ற தளபதியை அவர் குலத்தாரோடு விட்டுவிட்டு, மற்ற ஒன்பது குலத்தாரும், காலையில் சண்டை போட்ட அதே ஆட்கள், கால் தாங்கும் வேகத்தில் நகரத்துக்கு நடந்தார்கள். அன்றைக்கே போய்ச் சேர்ந்தார்கள் என்கிறார் புளூட்டார்க். மாரத்தானில் ஹெராக்ளீஸ் கோயிலருகே தங்கியவர்கள், ஏதென்ஸ் வந்து கினோசார்கெஸில் இருந்த இன்னொரு ஹெராக்ளீஸ் கோயிலருகே பாளையம் இறங்கினார்கள். பாரசீகக் கப்பல்கள் ஃபலேரோன் துறைக்கு எதிரே வந்து பார்த்தன. நங்கூரம் போட்டுக் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஆசியாவுக்குத் திரும்பிவிட்டன.

தம்பி நடந்துகொண்டே கேட்டான், “எந்த வழியா வந்தாங்க? நேத்து நாம போன ரோடா?”

“கடலோரம் சுத்தி அந்த வழின்னும் சொல்றாங்க, மலை வழியான்னும் சொல்றாங்க.”

“மலைவழி கிட்டக்கா இருந்தாலும் இறக்கத்துல முட்டி போயிடும்” என்றான். கவசத்தோடு, சண்டை முடித்த காலோடு அவன் அந்தத் தடத்தை ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. வகுப்பில் எந்தப் பிள்ளையும் இந்தக் கதையை இப்படிக் கேட்டதில்லை. சொன்னால்தானே கேட்க.

கினோசார்கெஸில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பால்கனிகளில் துணி காயும் அடுக்குமாடிகள், மருந்துக்கடை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து லாட்டரி விற்கும் பெரியவர், வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். கோயிலும் இல்லை, பலகையும் இல்லை. தெருமுனைக் காபிக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். தம்பி ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

“சாப்பிட்டது நெஞ்சுலயே நிக்குதுக்கா.”

கைப்பையில் கைக்குட்டை முடிச்சு இருந்தது. அவிழ்த்து அவன் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினேன், என் வாயில் கொஞ்சம். நம் ஊர்ச் சோம்பைவிடச் சின்னது, கடித்ததும் முதலில் ஒரு கசப்பு, இனிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.